நேரசூசிப் பிள்ளைகள்

சென்ற மாதம் என் பழைய சுகாதாரப் பணிமனையிலிருந்து இளம் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்கு வந்து தன் கைபேசியைக் காட்டினார். தாய்மார் இப்போது அதில் ஒரு செயலி வைத்திருக்கிறார்களாம். பிள்ளை அழுதால் பொத்தானை அழுத்த வேண்டும். மூன்று நிமிடம் பொறு, ஐந்து நிமிடம் பொறு, பத்து நிமிடம் பொறு என்று அது சொல்லும். பொறுத்து முடித்தால் ஒரு நட்சத்திரம் கிடைக்கும். நட்சத்திரம் பிள்ளைக்கு அல்ல, தாய்க்கு.

"இப்பிடி எல்லாம் வருமெண்டு உங்கட காலத்தில நினைச்சிருப்பீங்களா மிஸ்?" என்று கேட்டார்.

எங்கள் காலத்தில் இது கைபேசி இல்லாமலே நடந்தது என்றேன். அவர் நம்பவில்லை. பணிமனையின் ஆண்டு மலருக்கு அதை எழுதித் தரச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கல்முனைக் கரையோரத்தில் முப்பத்தொரு வருடம் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது அரசாங்க மருத்துவிச்சியாக, இருந்தேன். சனங்கள் அந்த நீளப் பெயரைச் சொல்வதில்லை. 'மிஸ்' என்பார்கள். பயிற்சி ஒன்றரை வருடம். படித்ததில் பாதியைப் பிரசவ அறையில் மறந்தேன். மீதியைத் தாய்மார் திருத்தினார்கள். என் கணவர் ஒரு தினசரிக்குப் பிரதேச நிருபராக இருந்தவர். அவருடைய செய்திகளைச் சுத்தமாகப் பிரதி எடுத்துக் கொடுப்பது என் வேலை. "பெருந்துயரம் எண்டு எழுதாத, எத்தனை பேர் எண்டு எழுது" என்பார். ஆகவே இதிலும் பெருந்துயரம் வராது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் வீடுகளைவிடப் பெயர்ப்பலகைகள் விரைவாக எழும்பின. என் பொறுப்பில் இருந்த முகாமில் பலகையும் தகரமும் சேர்ந்த கொட்டில்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒரு வரிசைக்கு ஆறு குடும்பம். இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரு பலகை. ஒரு வீட்டில் தும்மினால் ஆறு வீட்டிலும் 'அல்ஹம்துலில்லாஹ்' கேட்கும்.

முதல் வருடத்தில் தண்ணீர்த் தாங்கி, மீன்பிடி வலை, தையல் இயந்திரம் எல்லாம் வந்து முடிந்தன. கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாத நேரத்தில் வெளிநாட்டு அமைப்பொன்று வந்தது. அது கொண்டுவந்தது ஒழுக்கம். கைக்குழந்தை இருக்கும் ஒவ்வொரு கொட்டிலுக்கும் ஒரு சுவர் மணிக்கூடு, ஒரு பிளாஸ்ரிக் தொட்டில், ஓர் அட்டையில் கோத்த நேரசூசிப் படிவம். படிவத்தில் நாளுக்கு ஐந்து கட்டம். காலை ஆறு, பத்து, பின்னேரம் இரண்டு, ஆறு, இரவு பத்து. அந்த ஐந்து நேரமும் பால் கொடுத்துச் சரி போட வேண்டும். இடையில் பிள்ளை அழுதால் தூக்கக் கூடாது. ஏணையில் போட்டு ஆட்டக் கூடாது. இருபது நிமிடம் பொறுத்திருந்தால் பிள்ளை 'தன்னைத்தானே ஆறுதல்படுத்திக்கொள்ளும்'.

முகாமின் பொதுக் கொட்டகையில் அமைப்பின் நிபுணரான பெண்மணி ஆங்கிலத்தில் சொன்னதை இணைப்பாளர் தமிழாக்கினார். கொழும்பிலிருந்து வந்த இளைஞர். சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனை வைத்திருப்பார்.

முன்வரிசையில் இருந்த ஜெமீலா ராத்தா, முகாமுக்கே மூத்த அக்கா, கையை உயர்த்தினார். அவருக்கு ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு மூன்று.

"தன்னைத்தானே ஆறுதல்படுத்துற எண்டா எப்பிடி சேர்?"

"அதாவது, யாருடைய உதவியும் இல்லாமல் அழுகையை நிறுத்தப் பழகுவது."

"எங்களுக்கே அது இன்னும் வரல்ல. மூணு மாசப் புள்ளைக்கு எப்பிடி வரும்?"

இணைப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை. தூக்கினால் பிள்ளை அதற்கே பழகிவிடும் என்று மட்டும் விளக்கினார்.

"பழகட்டுமே" என்றார் ஜெமீலா ராத்தா. "நாம பெத்த புள்ள நம்மளோட பழகாம வேற ஆரோட பழகுற?"

கொட்டகை முழுதும் சிரித்தது. நிபுணரும் சிரித்தார். தன் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும்.

இங்கே என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருளம்மா சிஸ்டர் பாண்டிருப்பைச் சேர்ந்தவர், பொதுச் சுகாதாரத் தாதி. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கைப்பையில் ஓரடி மட்டம் ஒன்று இருக்கும். எந்தப் பதிவேட்டையும் அந்த மட்டத்தை வரிக்குக் கீழே வைத்துத்தான் வாசிப்பார். "ஒரு வரிய வாசிக்கக்குள்ள மத்த வரி கண்ணுல படப்படாது. பட்டா கண் தானா ஒரு கதை கட்டிப்போடும்" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடும். 'பிள்ள' என்று அழைக்கும் என்னை 'உத்தியோகத்தர்' என்பார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

பிள்ளையை நிறுக்கும் விஷயத்தில் அவருக்கு ஒரு முறை இருந்தது. தொங்கு தராசை முதலில் வெறுமையாகப் பார்க்க வேண்டும். பிறகு பிள்ளையைப் போடும் துணிக் கால்சட்டையை மட்டும் மாட்டி முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். கால்சட்டையை உள்ளங்கைகளுக்கு நடுவில் தேய்த்துச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த துணி பட்டால் பிள்ளை துள்ளும், துள்ளினால் முள் பொய் சொல்லும். பிள்ளை ஆடாமல் நிற்கும் கணத்தில் கண்ணை முள்ளின் மட்டத்துக்குத் தாழ்த்தி வாசிக்க வேண்டும். இறக்கி, மறுபடி தூக்கி, இரண்டாம் முறை வாசிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் பேனையைத் திறக்கலாம்.

அப்படிப்பட்டவர் மணிக்கூட்டுத் திட்டத்தை எதிர்ப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் எதிர்க்கவில்லை. "மேலயிருந்து கடிதம் வந்திருக்கு பிள்ள. நாம கீழ இருக்கிறம்" என்றார். அதே கிழமையில் அந்த அமைப்பு எங்கள் பணிமனைக்குத் தடுப்பூசி வைக்க ஒரு குளிர்சாதனப் பெட்டியும் கொடுத்திருந்தது. இரண்டையும் நான் அடுத்தடுத்து எழுதுவது என் கணவரிடம் கற்றது. அவற்றுக்குள் தொடர்பு இருந்ததென்று நான் எழுதவில்லை.

திட்டம் மிகச் சிறப்பாக நடந்தது. அதாவது, படிவங்கள் சிறப்பாக வந்தன. எல்லாப் பிள்ளைகளும் இரவு பத்து மணிக்குக் குடித்துவிட்டுக் காலை ஆறு வரை அசையாமல் தூங்கின. ஒரு வரிசை முழுவதன் படிவங்களும் ஒரே பச்சை மையில், ஒரே கையெழுத்தில் இருந்தன. புதன்கிழமை வாங்கிப் பார்த்த ஒன்றில் வெள்ளிக்கிழமை வரை பிள்ளை குடித்து முடித்திருந்தது. தொட்டில்களில் வெங்காயம் இருந்தது, துவைத்த துணி இருந்தது, ஒன்றில் கோழியும் குஞ்சுகளும் இருந்தன.

தூக்கக் கூடாது என்ற விதியையும் யாரும் மீறவில்லை. ஒரு நாள் நான் போனபோது ஜெமீலா ராத்தா பக்கத்துக் கொட்டில் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். தாய் ரிஹானா சும்மா பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"என்ன ராத்தா, தூக்கப்படாதெண்டு சொன்னதுதானே?"

"உம்மா தூக்கப்படாதெண்டுதானே மிஸ் சொன்ன? நான் உம்மாவா?"

"பால் குடுக்கலயே?"

"அது குடுப்பனா? பால் குடுத்தா எங்கட மார்க்கத்தில என்ட மகனுக்கு இவள்ற மகள் பால்குடித் தங்கச்சி ஆகிருவாளே. மறுகா மருமகளா எடுக்கேலா. இப்பயே சம்பந்தத்தக் கெடுக்கச் சொல்லுறீங்களா?"

ஆறு கொட்டிலிலும் இதுதான் ஏற்பாடு. அவளுடைய பிள்ளையை இவள் தூக்குவாள், இவளுடையதை அவள். பசி அழுகையென்று தெரிந்தால் நேரம் பார்க்காமல் தாயின் மடியில் போட்டுவிடுவார்கள். திட்டம் எழுதியவர்கள் பலகைச் சுவரை நினைக்கவில்லை. பிள்ளைகளின் எடை ஏறிக்கொண்டிருந்தது. அமைப்பு அதைத் தன் அறிக்கையில் எழுதியது. நான் மறுக்கவில்லை.

ரிஹானாவுக்கு அப்போது இருபது வயது. எங்கள் ஊர்களில் பெண்பிள்ளை திருமணமானாலும் தாய் வீட்டில்தான் இருப்பாள், முதல் பிள்ளையை அவளுடைய உம்மாதான் வளர்த்துக் காட்டுவார். ரிஹானாவின் உம்மாவை, இரண்டு சகோதரிகளோடு, கடல் எடுத்துவிட்டது. கணவன் கட்டாரில் வேலைக்குப் போயிருந்தான். அவளுக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லிக் கொடுக்க அந்த முகாமில் உத்தியோகபூர்வமாக இருந்தவள் நான் ஒருத்தி. நான் சொல்வதை அவள் ஒரு கொப்பியில் எழுதி வைத்தாள். முகாமில் படிவத்தைத் தன் கையால், அந்தந்த நேரத்தில் நிரப்பியவள் அவள் மட்டும்தான். "எல்லாரும் உங்களப் பாத்துப் படிக்கணும்" என்று அவளை நான் பலர் முன்னால் பாராட்டினேன். அந்த வாக்கியத்தைப் பல தடவை திரும்பக் கேட்டிருக்கிறேன், என் குரலிலேயே.

பிறகு இரண்டு காரியங்கள் ஒரே மாதத்தில் நடந்தன. ஜெமீலா ராத்தா உட்பட அந்த வரிசையின் பெரும்பாலானவர்களுக்கு வீடு கிடைத்துப் போய்விட்டார்கள். ரிஹானாவின் இரு பக்கமும் கொட்டில்கள் காலியாகின. அடுத்தது, அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியது.

இளையவர்களுக்கு இது ஞாபகம் இருக்காது. சித்திரைப் புத்தாண்டோடு எல்லா மணிக்கூடுகளையும் திருத்தச் சொன்னார்கள். வாவிக்கு அப்பால் போராளி இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த ஊர்கள் முன்பிருந்தே அந்த நேரத்தில்தான் இருந்தன. அதுவரை தோணியில் ஏறி அக்கரைக்குப் போனால் அரை மணித்தியாலம் பின்னுக்குப் போய்விடலாம். முகாமில் வேறு பிரச்சினை. பிள்ளைக்குப் பத்து மணிப் பால் பழைய பத்துக்கா, புதிய பத்துக்கா? அமைப்பு இதற்காக ஒரு கூட்டம் வைத்தது. பகல் முழுக்க நடந்தது. முடிவில், நாளுக்கு ஐந்து நிமிடமாக ஆறு நாளில் பிள்ளைகளைப் புதிய நேரத்துக்கு மாற்றுவதென்று தீர்மானித்து, மூன்று நிறத்தில் ஓர் அட்டவணை கொடுத்தார்கள். அதை வாசித்து விளங்கிய தாய் ஒருத்தியை நான் காணவில்லை. எனக்கும் விளங்கவில்லை. அதனால் விளங்கியவள்போலக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்கடுத்த நிறுவை நாள். ரிஹானா பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். படிவத்தில் ஒரு கட்டமும் விடுபடவில்லை. பிள்ளை அழவில்லை. கால்சட்டையை மாட்டும்போதும் அழவில்லை. அமைப்பு, விருந்தினர்களுக்குக் காட்ட முகாமின் மாதிரிக் குழந்தையாக அதைத்தான் தெரிவு செய்திருந்தது. பரிந்துரைத்தது நான்.

முள், போன மாத இடத்துக்குக் கீழே நின்றது.

தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தேன். கீழே. மூன்றாம் முறையும் கீழே. சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் தன் கையால் கால்சட்டையைத் தேய்த்துச் சூடாக்கி, மெதுவாக மாட்டி, கண்ணைத் தாழ்த்தி வாசித்தார். பிள்ளையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். மடிப்பு அப்படியே நின்றது. உதடு காய்ந்திருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை தரம் பால் குடுக்கிறீங்க மகள்?"

"அஞ்சு தரம் சிஸ்டர். ஒண்டும் விடல்ல."

"எத்தனை மணிக்கு?"

ரிஹானா என்னைப் பார்த்தாள். "மிஸ், அந்த மணிக்கூடு சரியில்ல. ஒராள் புது நேரம் எண்டாங்க, ஒராள் பழைய நேரம் எண்டாங்க. எனக்குத் தல சுத்திப் போச்சு. அதான் மணிக்கூட்ட உட்டுட்டு வாங்குக்குக் குடுக்கிறன்."

"எதுக்கு?"

"வாங்குக்கு சிஸ்டர், பள்ளில தொழுகைக்குக் கூப்பிடுறதுக்கு. கட்டமும் அஞ்சு, வாங்கும் அஞ்சுதானே. சுபஹு, லுஹர், அஸர், மஃரிப், இஷா. மணிக்கூடு பொய் சொல்லும், வாங்கு பொய் சொல்லுமா?"

வாங்கு பொய் சொல்லவில்லை. ஆனால் விடியற்காலை சுபஹு வாங்குக்கும் நண்பகல் லுஹர் வாங்குக்கும் நடுவில் ஏழு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது. இரவு இஷாவுக்கும் சுபஹுக்கும் நடுவில் ஒன்பது. அந்தி மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் ஒன்றேகால். இரண்டரை மாதப் பிள்ளை பின்னேரத்தில் வயிறு முட்டக் குடித்துக் கக்கியது. மீதி நேரம் முழுக்கப் பட்டினி கிடந்தது.

"அழல்லயா மகள்?"

"முதல்ல நல்லா அழுதிச்சு. நான் வெளியில போய் நிப்பன், பாத்தா தூக்கிருவன் எண்டு. காதப் பொத்திக்கிட்டு நிப்பன். மறுகா நிப்பாட்டிட்டு. இப்ப அழுறதே இல்ல." அவள் சொன்னதில் பெருமை இருந்தது. "பழகிட்டு மிஸ்."

பக்கத்துக் கொட்டிலில் ஆள் இருந்த காலம் முழுக்கத் திட்டம் மீறப்பட்டது, பிள்ளை வளர்ந்தது. மீற ஆளில்லாத முதல் மாதத்தில் அது எழுதியபடி நிறைவேறியது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சேலைன் ஏற்றினார்கள். ரிஹானாவுக்குப் பாலும் வற்றிப்போயிருந்தது. சிஸ்டர் அவளுடைய சட்டையைத் தளர்த்தி, பிள்ளையைத் துணியில்லாமல் அவள் நெஞ்சோடு சேர்த்து ஒரு சீலையால் கட்டினார். "கழட்டப்படாது. மணிக்கூட்டப் பாக்காத. புள்ளட வாயப் பாரு. நாக்க நீட்டினா, கையச் சூப்பினா, தலையத் திருப்பினா அது கேக்குது எண்டு அர்த்தம். அழுறது கடைசியாத்தான். இது கேட்டுக் கேட்டு, இனிக் கேட்டுப் பிரயோசனம் இல்லையெண்டு விட்ட புள்ள. திரும்பக் கேக்கப் பழகணும்." பயிற்சியில் ஒன்றரை வருடம் படித்ததைவிட அந்த ஐந்து நிமிடத்தில் அதிகம் இருந்தது. அதை முகாமில் ஏன் இத்தனை மாதம் சொல்லவில்லை என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் என்னிடம் கேட்கவில்லை.

அடுத்த நாள் ரிஹானாவின் மாமி, கணவனின் தாய், நற்பிட்டிமுனையிலிருந்து வந்தார். வார்டின் வாசலில் நின்றே தொடங்கினார்.

"பெத்த புள்ளையப் பட்டினி போட்டவ இவதானே? மகன் அங்கயிருந்து கதைச்சிட்டான். புள்ள சுகமானா நாங்க எடுத்துட்டுப் போறம். இவ இஞ்சயே இரிக்கட்டும்."

ரிஹானா நெஞ்சில் கட்டியிருந்த சீலையின் முடிச்சை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

பணிமனையில் நான் பதிவேட்டை எழுதினேன். 'எடை குறைந்ததற்கான காரணம்' என்றொரு கட்டம் உண்டு. 'அறிவுறுத்தலைத் தாய் தவறாக விளங்கிக்கொண்டமை' என்று எழுதினேன். பொய் அல்ல. சிஸ்டர் மட்டத்தை அந்த வரிக்குக் கீழே வைத்தார்.

"உத்தியோகத்தர்" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது.

"ஏழு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பசிக்கிற புள்ளைய ஆராவது கண்டிருக்கீங்களா? நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பசிக்கிறதக் கண்டிருக்கீங்களா?"

"இல்ல சிஸ்டர்."

"அப்ப தவறா விளங்கினது ஆரு?"

மட்டத்தை வைத்து வரியை ஒரே கோட்டில் வெட்டினார். பேனையை என்னிடம் நீட்டினார். 'நாங்கள் கொடுத்த அறிவுறுத்தல்' என்று எழுதினேன். அவரும் கையொப்பம் வைத்தார், நானும் வைத்தேன்.

மறுநாளே இணைப்பாளர் வந்தார். செய்தி எப்படியோ போயிருந்தது.

"சிஸ்டர், அந்தக் கட்டத்தில் 'தாயின் கவனக்குறைவு' என்று மாற்றினால் எல்லாருக்கும் நல்லது. ஒரு சொல்தானே."

"தம்பி, அவவுக்குக் கவனம் குறைஞ்சிருந்தா புள்ள நல்லா இருந்திருக்கும். மத்தாக்கள்ற புள்ளைகளப் பாருங்க. எல்லாம் கவனக்குறைவா வளருதுகள், கொழுத்துப் போய்."

"மேலிடத்தில் கேட்பார்கள்."

"கேக்கட்டும். நாம கீழ இருக்கிறம், எங்களுக்கு இதுதான் தெரிஞ்சது."

கேட்டார்கள். சிஸ்டரை இரண்டு முறை விளக்கத்துக்கு அழைத்தார்கள். மணிக்கூடுகளை அந்த அமைப்பு திரும்ப எடுக்கவில்லை. திட்டம் வெற்றிகரமாக நிறைவுற்றதாக ஒரு புத்தகம் வந்தது. மூன்று வருடம் கழித்துப் போர் முடிந்து, வடக்கில் முகாம்கள் முளைத்தபோது, அங்கே இதே திட்டத்தை நடத்த 'அனுபவமுள்ள களப்பணியாளர்' தேவையென்று எங்களுக்குக் கடிதம் வந்தது. சிஸ்டர் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, வேறு ஒரு சொல்லும் எழுதாமல், அனுப்பிவைத்தார். பதில் வரவில்லை. அங்கே மணிக்கூடுகள் போனதா என்று எனக்குத் தெரியாது.

ஆனால் ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் பகல் நடந்தது தெரியும். பிள்ளையின் எடை முதல் தடவையாக மேலே நகர்ந்திருந்தது. சிஸ்டர் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார். பதிவேடு பணிமனையை விட்டு வெளியே போகக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அவர். மாமியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த வரியை வாசித்தார். மாமிக்கு விளங்கவில்லை. மறுபடி வாசித்தார்.

"அப்ப இவ?" என்று மாமி கேட்டார்.

"இவ நாங்க சொன்னத அப்பிடியே செஞ்சவ. புள்ளைக்கு இப்பிடி வந்தது எங்களால. உங்கட மகன் கேட்டா எங்கட பேரச் சொல்லுங்க. எழுதியே தாறன்."

மாமி தான் கொண்டுவந்த சோற்றுப் பொதியை அவிழ்த்து, ரிஹானாவின் பக்கம் தள்ளிவைத்தார். "தின்னு. தின்னாட்டிப் பால் எங்கயிருந்து வாற?"

ரிஹானா சோற்றைத் தொடவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள். அப்போதும் என்னிடம்தான் கேட்டாள்.

"மிஸ், இனி அழுதா தூக்கலாமா?"

சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தப் பதிலை அவர் எனக்கு விட்டுவிட்டார்.

"தூக்குங்க. இனி என்னட்டக் கேக்காதீங்க."

"அழாட்டி?"

"அழாட்டியும் தூக்குங்க."

நிறுத்துவிட்டுப் படுக்கவைத்த பிள்ளை கட்டிலில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் அதற்குத் தூக்கம் மருந்து. தூங்கும் பிள்ளையை எழுப்பக் கூடாது என்பதில் உலகத்தில் எந்த முறைக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ரிஹானா குனிந்து, இரண்டு கையாலும் அதை வாரித் தூக்கினாள். அது விழித்து, முகம் சிவந்து, வார்டு முழுக்கக் கேட்கக் கத்தியது. அவள் சிரித்தாள்.